வெள்ளைக்கண்ணன்

செப்டம்பர் 4

அண்ணா,

இனி உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று கடையில் வைத்துச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சபதம் அப்படியேதான் இருக்கிறது. எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். இதுவும் நானாக எழுதவில்லை. "உங்க அண்ணன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டே ஜூஸ் பிழியறான், கசக்குதுன்னு ஆளுங்க சொல்றாங்க. ரெண்டு வரி எழுதிப் போடேன்டி" என்று அம்மா தொலைபேசியில் மூன்று முறை சொல்லிவிட்டாள்.

வந்து ஒன்பது நாள் ஆகிறது. முதலாமாண்டு அறிவியல் படிப்பு என்றால் முக்கால்வாசி ஓட்டம்தான். காலை எட்டரைக்கு வேதியியல். அது முடிந்த ஐந்தாவது நிமிடம் வளாகத்தின் மறுகோடியில் இயற்பியல். மூச்சிரைக்க ஓடிப் போய் உட்காரும்போது கரும்பலகை பாதி நிறைந்திருக்கும். அதனால் என் நோட்டில் எல்லாப் பாடமும் நடுவிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆய்வகத்துக்கு வெள்ளை அங்கி வாங்கினேன். "வளர்ற பொண்ணு" என்று சொல்லி கடைக்காரர் இரண்டு அளவு பெரிதாகத் தலையில் கட்டிவிட்டார். பதினெட்டு வயதுக்கு மேல் நான் எங்கே போய் வளர்வது? கையை நான்கு மடிப்பு மடித்துக்கொண்டு போகிறேன். முதல் நாளே ஒரு கண்ணாடிக் குழாயை உடைத்தேன். இரண்டாம் நாள் பக்கத்து மேசைக்காரி இரண்டு உடைத்தாள். அப்போதுதான் எனக்கு உயிரே வந்தது.

என் அறைத்தோழி கணிதப் பிரிவு. எதைக் கேட்டாலும் சதவீதத்தில்தான் பதில் சொல்வாள். "அந்தப் பையன் ஒன்னப் பாத்துச் சிரிச்சிருக்க பன்னெண்டு சதவீதம்தான் வாய்ப்பு. ஒனக்குப் பின்னாடி அவன் ஃப்ரெண்டு நின்னான்." விடுதியில் அவள் பெயரே சதவீதம் ஆகிவிட்டது.

உனக்குத் தெரியாமல் நான் இங்கே விண்ணப்பம் போட்டது தப்பு என்றே வைத்துக்கொள். நர்சிங் பள்ளியில் நீ அலைந்து திரிந்து எனக்கு இடம் வாங்கியதும் எனக்குத் தெரியும். அதற்காக ஆறு பேர் ஜூஸுக்கு நிற்கும்போது, "சயின்ஸ் படிச்சுட்டு வந்து ஈ ஓட்டப் போறா" என்று நீ சொல்லியிருக்க வேண்டாம்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். என் பெட்டியின் உடைந்த சக்கரத்தை யாரோ சரிசெய்து வைத்திருந்தார்கள். யாரென்று தெரிந்தால் நன்றி சொல்லிவிடு.

பொடிசு

செப்டம்பர் 11

பொடிசுக்கு,

சக்கரத்தைப் பற்றி விசாரித்தேன். எதிர் சைக்கிள் கடைக்காரர் செய்தாராம். நான் ஸ்க்ரூ டிரைவர் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதோடு சரி. ஒரு மணி நேரம் நின்றேன். உன் நன்றியைச் சொல்லிவிட்டேன்.

ஈ ஓட்டப் போறா என்று நான் சொன்னது தப்பு. அதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்பதையும் அந்த ஆறு பேர் கேட்டார்கள். "நீ ஜூஸ் பிழியத்தான் லாயக்கு." அன்றிலிருந்து மிக்ஸியைப் போடும்போதெல்லாம் அதுவும் அதையே சொல்கிற மாதிரி இருக்கிறது. ஆகவே கணக்கு சரியாகிவிட்டது. நானும் பேசமாட்டேன்.

எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதியதுதான் கடைசி. இதை எழுத நான்கு தாள் கிழித்தேன். அம்மா, "பரீட்சை எழுதறியாடா?" என்று கேட்கிறாள். மாடியில் உன் அறையை அப்படியே வைத்திருக்கிறோம். அதாவது, நான் அன்னாசிப் பெட்டிகளை அங்கே அடுக்கியிருக்கிறேன், மற்றபடி அப்படியே.

சாப்பிடு. ஓடும்போது கீழே பார்த்து ஓடு.

அண்ணன்

செப்டம்பர் 24

அண்ணா,

முதலில், சிரிக்கமாட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய். செய்தாயா? சரி, சொல்கிறேன்.

எங்களுக்கு ஈ வளர்க்கும் பாடம் வந்திருக்கிறது.

சத்தியம் செய்திருக்கிறாய், சிரிக்காதே. வீட்டு ஈ இல்லை. உன் கடையில் வாழைத்தாருக்கு மேல் சுற்றுமே, கடுகு மாதிரி, அந்தப் பழ ஈ. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எது எப்படி வருகிறது என்பதைப் படிக்க உலகம் முழுக்க இதைத்தான் வளர்க்கிறார்களாம். பத்துப் பன்னிரண்டு நாளில் முட்டை புழுவாகி, கூடாகி, ஈயாகிவிடும். மனிதரை வைத்துப் படித்தால் பேரனைப் பார்க்க ஐம்பது வருஷம் காத்திருக்க வேண்டும். இங்கே ஒரு மாதத்தில் பேரன்.

மரபியல் நடத்தும் மேடம் குள்ளமாக இருப்பார், குரல் மட்டும் மூன்று ஆள் உயரம். துறையில் பல வருஷமாக வளர்த்த ஈக்களெல்லாம் விடுமுறையில் செத்துப்போய்விட்டன. சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் இயந்திரம் பழுதாகிவிட்டதாம். அதில் வெள்ளைக் கண் ஈ வகையும் போய்விட்டது. சாதாரண ஈயின் கண் சிவப்பு. வெள்ளைக் கண் ஈ இல்லாமல் ஜனவரிச் சோதனையைச் செய்ய முடியாது. வெளியிலிருந்து வரவழைத்தால் மாதக்கணக்கில் ஆகுமாம். இப்போதைக்கு, "ஆளுக்கு ஒரு பாட்டில் ஈ பிடிச்சுட்டு வாங்க" என்று மேடம் சொல்லிவிட்டார்.

எல்லோரும் விடுதிக் குப்பைத்தொட்டியைச் சுற்றி வருகிறார்கள். அங்கே ஈயைவிட மாணவர்கள்தான் அதிகம். உன் கடையில்...

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஒரு பாட்டிலில் கனிந்த வாழைப்பழத் துண்டு போட்டு, வாயில் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிச் செருகு. கூம்பின் நுனியில் சின்ன ஓட்டை. உள்ளே போகும், வெளியே வரத் தெரியாது. நிறைந்ததும் பஞ்சால் அடைத்து பஸ் பார்சலில் போட்டுவிடு.

பொடிசு

செப்டம்பர் 30

பொடிசுக்கு,

சத்தியத்தை மீறிவிட்டேன். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். சைக்கிள் கடைக்காரர் சிரித்துச் சிரித்து இருமி, அவருக்கு ஒரு ஆரஞ்சு ஜூஸ் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. "ஒந்தங்கச்சி ஈ ஓட்டறா, நீ ஈ புடிக்கற. குடும்பமே ஒரே தொழில்ல எறங்கிட்டீங்க" என்கிறார்.

ஆனால் ஒன்று. வேலை செய்து பார்த்தால் இது விளையாட்டில்லை. வாழைப்பழம் போட்ட பாட்டிலில் ஏழுதான் வந்தன. பப்பாளிக்கு மூன்று. வாழைப்பழத்தோடு அழுகிய திராட்சை நான்கு நசுக்கிப் போட்டேன். ஒரு மத்தியானத்தில் நாற்பதுக்கு மேல். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். இவ்வளவு வருஷம் துணியால் விரட்டியிருக்கிறேன், ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. முன்னங்காலால் முகம் கழுவுகிறது தெரியுமா? சிலது இறக்கையை விரித்து விரித்து ஆட்டம் போடுகிறது.

அதில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. மற்றதற்கெல்லாம் கண் செங்கல் நிறத்தில் பளிச்சென்று தெரிகிறது. இதற்குத் தலையில் சிவப்பே இல்லை. வெளுத்துப்போய் இருக்கிறது. முதலில் கண்ணில்லாத ஈ என்று நினைத்தேன். நீ வெள்ளைக் கண் என்று எழுதியிருந்தாயே, அதுவா இது? எனக்குத் தெரியாது. கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்று தனியாக ஒரு எசென்ஸ் பாட்டிலில் பிடித்துப் போட்டிருக்கிறேன். அதைப் பிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் இரண்டு பேர் ஜூஸ் வேண்டாம் என்று போய்விட்டார்கள். போகட்டும்.

சின்ன பாட்டிலைத் தனியாகத் துணியில் சுற்றியிருக்கிறேன். பார்த்துப் பிரி.

அண்ணன்

அக்டோபர் 5

அண்ணா!

பார்சல் வந்தது. பஸ் நிலையத்துக்குச் சதவீதமும் வந்தாள். வழியெல்லாம் பாட்டிலைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். பெரிய பாட்டிலில் நாற்பத்து மூன்று. எசென்ஸ் பாட்டிலில் அந்த ஒன்று.

அது அதேதான். வெள்ளைக் கண்! ஆண் ஈ. நுண்ணோக்கியில் வைத்ததும் பார்க்கவந்த மேடம் ஒரு நிமிடம் தலையை எடுக்கவே இல்லை. பிறகு நிமிர்ந்து அந்த மூன்று ஆள் உயரக் குரலில், "எல்லாரும் வாங்க இங்க!" என்று கூப்பிட்டார். நாற்பது பேரும் வரிசையில் நின்று பார்த்தார்கள். வெள்ளைக் கண் ஈ உலகத்துக்குப் புதிதில்லை. நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் வெளியில் பிடித்த கூட்டத்திலிருந்து வெறும் கண்ணால் ஒன்றைப் பிரித்தெடுப்பது இலேசில்லையாம். "எங்கே பிடிச்சது? யாரு பிடிச்சது?" என்று கேட்டார். பதில் சொன்னேன்.

நாங்கள் அதற்கு வெள்ளைக்கண்ணன் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒற்றை ஈயை வைத்து என்ன செய்வது? மற்றவர்களின் பாட்டில்களில் பிறந்து சில மணி நேரமே ஆன, இன்னும் எந்த ஆணோடும் சேராத மூன்று சிவப்புக் கண் பெண் ஈக்களை மேடம் அதனோடு சேர்த்துப் புதிய பாட்டிலில் விட்டார். "பாட்டில் உன் பொறுப்பு" என்று என் கையில் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கினேன். அங்கி நான்கு மடிப்பும் அவிழ்ந்து விழுந்தது.

நீ எழுதியது சரி. ஆண்கள்தான் இறக்கையை விரித்து ஆட்டம் போடுகிறார்கள். அது பெண்ணுக்குப் பாடும் பாட்டாம். நீ புத்தகம் படிக்காமல் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாய்.

பொடிசு

அக்டோபர் 16

அண்ணா,

எல்லாம் போச்சு.

ஒன்பதாம் நாள் வெள்ளைக்கண்ணன் செத்துவிட்டது. அதற்காகக்கூட நான் அழவில்லை, புழுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன, பிள்ளைகள் வரும் என்று இருந்தேன். நேற்றும் இன்றும் பிள்ளைகள் வந்தன. எண்பத்தாறு. ஒன்றுவிடாமல் எண்பத்தாறும் சிவப்புக் கண். ஒரு பேச்சுக்குக்கூட ஒரு வெள்ளை இல்லை. அப்பனின் அடையாளமே துடைத்துவிட்ட மாதிரி.

மேடம் இரண்டு வாரம் ஊரில் இல்லை. வகுப்பில் எல்லோரும், "போச்சு, செவப்பு ஜெயிச்சிருச்சு" என்கிறார்கள். வெள்ளிக்கிழமை பழைய பாட்டில்களைக் கழுவும் நாள். ஆய்வக உதவியாளர் என் பாட்டிலையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். வைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

இதே வாரம் இயற்பியல் தேர்வுத்தாள் வந்தது. ஐம்பதுக்குப் பதினொன்று. சதவீதம் அதை இருபத்திரண்டு என்று சொல்லி ஆறுதல்படுத்தினாள். நர்சிங்கே படித்திருக்கலாமோ என்று இன்று மத்தியானம் கேன்டீனில் உட்கார்ந்து யோசித்தேன். இதை நீ அம்மாவிடம் சொல்லாதே.

பொடிசு

அக்டோபர் 18

பொடிசுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வராது என்று பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பாட்டிலைக் கழுவப் போடாதே.

எனக்கு உன் பாடம் தெரியாது. ஆனால் நம் அம்மாவின் அப்பாவுக்குப் பூனைக்கண், படத்தில் பார்த்திருக்கிறாய். அவருக்கு ஐந்து பிள்ளைகள். அம்மா, பெரியம்மா, மூன்று மாமா. ஒருவருக்காவது பூனைக்கண் உண்டா? எல்லோருக்கும் கறுப்பு. அவ்வளவுதான், அது அவரோடு போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு பெரியம்மாவுக்கு மூத்தவள் பிறந்தாள். அவளுக்குக் கண் என்ன நிறம்?

எங்கே இருந்து வந்தது? எங்கேயோ இருந்திருக்கிறது, அதனால்தானே வந்தது. ஈயும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பேரப்பிள்ளைகளைப் பார்க்க இன்னும் பத்து நாள்தான் ஆகும் என்று நீயே எழுதியிருக்கிறாய். பத்து நாள் வைத்திருந்தால் குடியா முழுகிவிடும்? ஆய்வக உதவியாளரிடம் நல்லபடியாகச் சொல். கேட்காவிட்டால் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அறைக்கு ஓடு. ஓடத்தான் பழகியிருக்கிறாயே.

பதினொன்று வாங்கியவள் பன்னிரண்டு வாங்கட்டும் அடுத்த முறை. நர்சிங் பேச்சை எடுக்காதே. அந்த இடத்துக்கு வேறு பெண் சேர்ந்து நன்றாகப் படிக்கிறாளாம். அவள் பிழைப்பைக் கெடுக்காதே.

அண்ணன்

நவம்பர் 6

அண்ணா,

நேற்று நான் போனில் கத்தியதில் உன் காது இன்னும் இரைகிறதா? சபதத்தை முதலில் உடைத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். நீயும் பேசாமல் இருக்கவில்லை. "எத்தன? எத்தன?" என்று கடையே அதிரக் கத்தினாய். பின்னால் சைக்கிள் கடைக்காரர் விசிலடித்தது எனக்குக் கேட்டது.

இப்போது ஒழுங்காக எண்ணி முடித்துவிட்டோம். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினேன், சதவீதம் எழுதினாள். பெண்கள் நூற்று நான்கு, எல்லோருக்கும் சிவப்புக் கண். ஆண்கள் நூற்றெட்டு. அதில் ஐம்பத்தொரு பேருக்கு வெள்ளை! வெள்ளைக் கண் மகள்களிடம் ஒளிந்திருந்து பேரன்களில் பாதிப் பேரிடம் வந்திருக்கிறது. அசல் பூனைக்கண் கதைதான். ஊரிலிருந்து திரும்பிய மேடம், "பாட்டிலை யாரு காப்பாத்தினது?" என்று கேட்டார். உன் கடிதம் வந்ததும் ஆய்வக உதவியாளரிடம் கெஞ்சிப் பாட்டிலை வைத்துக்கொண்டதை மட்டும் சொன்னேன். இது புத்தகத்தில் நான்காம் அத்தியாயத்திலேயே இருக்கிறதாம். நான் புத்தகத்தை இன்னும் பிரிக்கவே இல்லை என்பதை மேடத்திடம் சொல்லவில்லை.

இதோடு கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

அன்றைக்கு, யார் பிடித்தது, எங்கே பிடித்தது என்று மேடம் கேட்டபோது பதில் சொன்னேன் என்று எழுதினேன் அல்லவா? என்ன சொன்னேன் என்று எழுதவில்லை. "ஊருக்குப் போனப்ப நான்தான் புடிச்சேன் மேடம். எங்க பழத்தோட்டத்துல" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்றவளின் அப்பா மருத்துவர். இன்னொருவனின் வீட்டில் எல்லோரும் பொறியாளர்கள். "எங்க அண்ணன் ஜூஸ் கடையில" என்று வாய் வரைக்கும் வந்தது, நாக்கு திரும்பவில்லை. நீ நாற்பது நிமிடம் நின்று பிடித்ததை நான் ஒரு நொடியில் என் பெயரில் எழுதிக்கொண்டேன். இப்போது துறைப் பலகையில் அதை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த வழியாகப் போவதையே நிறுத்திவிட்டேன்.

திட்டி எழுது.

பொடிசு

நவம்பர் 12

பொடிசுக்கு,

நமக்குத் தோட்டம் இருக்கும் விஷயம் எனக்கு இத்தனை நாள் தெரியாது. எவ்வளவு பெரியது என்று எழுது. வேலி போட வேண்டும், காவலுக்கு ஆள் பார்க்க வேண்டும்.

கடையில் வேலை இருக்கிறது.

அண்ணன்

நவம்பர் 20

அண்ணா,

நான்கு முறை போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள். "குளிக்கறான்" என்றாள். ஒரே நாளில் நான்கு முறை குளித்தவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

வியாழக்கிழமைதோறும் துறையில் ஒரு கூட்டம் நடக்கும். யாராவது ஒருவர் தன் வேலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். முதலாமாண்டிலிருந்து யாரையும் பேச விடுவதில்லை. வெள்ளைக்கண்ணனைப் பற்றிப் பேசும்படி என்னிடம் மேடம் சொல்லியிருந்தார். எல்லா ஆசிரியர்களும் வந்திருந்தார்கள். மடித்த அங்கிக் கையைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றேன். சதவீதம் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு திருத்தணும்" என்று தொடங்கினேன். "பலகையில ஒட்டியிருக்கறது பொய். இந்த ஈய நான் புடிக்கல. எங்களுக்குத் தோட்டமும் இல்ல. எங்க அண்ணன் ஜூஸ் கடை வெச்சிருக்காரு. கடையில வெறுங்கண்ணால பாத்து அவர்தான் தனியாப் பிரிச்சாரு. பாட்டிலக் கழுவாதன்னு சொன்னதும் அவர்தான். எனக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால பொய் சொல்லிட்டேன்."

  மேடம் எழுந்தார். வெளியே போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"லேப் நோட்ல தப்பா எழுதினா என்ன செய்யணும்னு சொல்லியிருக்கேன்?" என்று கேட்டார்.

"அழிக்கக் கூடாது மேடம். ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு, சரியானதப் பக்கத்துல எழுதி, கையெழுத்துப் போடணும்."

"போடு போ."

அவ்வளவு பேரும் பார்க்க வெளியே நடந்து போய்ப் பலகையில் அந்த வரியை அடித்தேன். பக்கத்தில் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்து பத்து நிமிடம் பேச வேண்டியதைப் பதினெட்டு நிமிடம் பேசினேன். கேள்வி மட்டும் பதினாறு வந்தது. முடிந்ததும் மேடம் கூப்பிட்டு, "பொய் சொன்னதுக்கு ஒரு மாசம் பாட்டில் கழுவற வேலை உனக்கு" என்றார். பிறகு, "டிசம்பர் அஞ்சாம் தேதி ஒங்க அண்ணன வரச் சொல்லு. அவரப் பாத்து ஒண்ணு கேக்கணும்" என்றார்.

தினம் அறுபது பாட்டில் கழுவுகிறேன். மனசு இலேசாக இருக்கிறது. வருவாயா?

பொடிசு

நவம்பர் 26

பொடிசுக்கு,

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பலகை இடம் வந்ததும் தாளை அவள் பக்கம் நீட்டிவிட்டேன். மீதியை அவளே வாங்கிப் படித்தாள்.

நீ கோடு போட்டு அடித்துவிட்டாய். நானும் ஒன்றை அடிக்க வேண்டும். நர்சிங் படித்தால் வேலை நிச்சயம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பாதிதான் உண்மை. நர்சிங் பள்ளி நம் தெருவிலிருந்து பத்து நிமிட நடை. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவாய், கடையில் உட்கார்ந்து என்னை வம்புக்கு இழுப்பாய். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதைச் சொல்ல வாய் வராமல் ஈ ஓட்டுவாய் என்று சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன், கீழே பார்.

ஐந்தாம் தேதி வருகிறேன். அந்த மேடம் என்ன கேட்பார்? இங்கிலீஷில் கேட்பாரா? என்ன சட்டை போடுவது?

அண்ணன்

டிசம்பர் 8

பொடிசுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கிடைக்காவிட்டாலும் தெரிந்திருக்காது, வழி முழுக்கத் தரையில் கால் படவில்லை.

நீ பக்கத்தில்தான் இருந்தாய். ஆனாலும் எழுதுகிறேன், எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது அல்லவா? அந்த நுண்ணோக்கியில் முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. "ஒரு கண்ண மூடாதீங்க, ரெண்டையும் தொறந்தே பாருங்க" என்று சொன்னாள் உன் சதவீதம். பார்த்தேன். கடுகளவு ஈ அங்கே ஒரு கோழி அளவு நின்றது. காலில் முடி. இறக்கையில் நரம்பு. அந்தக் கண், அம்மாடி, ஒரு கண் இல்லை அது! நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்கள், தேன்கூடு மாதிரி, அவ்வளவும் வெள்ளை. இதையா நான் துணியால் அடித்துக்கொண்டிருந்தேன்?

நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் என்னை நிறுத்தி, எப்படி வெறுங்கண்ணால் கண்டுபிடித்தீர்கள் என்று மேடம் கேட்டபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. தமிழிலேயே கேட்டார், அப்படியும் ஒட்டிக்கொண்டது. பிறகு கடையில் பேசுகிற மாதிரி நினைத்துக்கொண்டு பேசினேன். "பழத்தப் பாத்துப் பாத்துப் பழகின கண்ணுங்க. நல்ல ஆரஞ்சு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒண்ணு கெட்டிருந்தா அதுவே வந்து கண்ணுல குத்தும். நாம தேட வேண்டாம். அவசரப்படாமப் பாத்தாப் போதும்." நாற்பது பேரும் நோட்டில் எழுதினார்கள்! நான் சொன்னதை! ஒரு பையன், "சார், கொஞ்சம் மெதுவா" என்றான். சாராம்.

அந்தத் தைரியத்தில் நான் ஒன்று கேட்டேன், நீ அப்போது பாட்டில் எடுக்கப் போயிருந்தாய். "ஒரே சீப்புல பன்னெண்டு வாழைப்பழம் ஒண்ணா பழுக்குது. ஈ அத்தனையும் அதுல ஒரே ஒரு பழத்துலதான் போயி உக்காருது. எனக்கு வித்தியாசம் தெரியல. அதுக்கு எப்படித் தெரியுது?" என்றேன். மேடம், "தெரியலையே!" என்றார். தெரியாது என்று சொல்லும்போது ஒரு மனுஷிக்கு முகத்தில் அவ்வளவு சந்தோஷம் வரும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

அவர் கொடுத்த சின்னப் பூதக்கண்ணாடியைக் கல்லாவில் வைத்திருக்கிறேன். சைக்கிள் கடைக்காரர் அதில் தன் கட்டைவிரலைப் பார்த்துவிட்டுப் பயந்து கை கழுவிக்கொண்டு வந்தார்.

அண்ணன்

டிசம்பர் 14

அண்ணா,

சேதி நிறைய இருக்கிறது, கை ஓடவில்லை.

இயற்பியலில் முப்பத்து நான்கு. அதற்குக் காரணம் சதவீதம். ஈ எண்ண உட்கார்ந்த நேரமெல்லாம் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். நான் அவளுக்கு ஆண் ஈ, பெண் ஈ அடையாளம் சொல்லிக்கொடுத்தேன். அவள் இப்போது என்னைவிட வேகமாகப் பிரிக்கிறாள்.

புதிய வகை துறையில் நன்றாக நிலைத்துவிட்டது. ஜனவரிச் சோதனைக்குப் போதுமான அளவு பெருகிவிட்டது. இப்போது வெள்ளைக் கண் பெண் ஈக்களும் உண்டு. ஒவ்வொரு பாட்டிலிலும், எந்த இடத்தில் யார் பிடித்தது என்று சீட்டு ஒட்ட வேண்டும் என்பது விதி. எல்லாச் சீட்டையும் நானே எழுதினேன். ஜூஸ் கடை என்றே எழுதினேன், கொட்டை எழுத்தில்.

இன்னொன்று. நீ கேட்டுவிட்டுப் போன வாழைப்பழக் கேள்வி மேடத்தைத் தூங்கவிடவில்லையாம். பழைய ஆராய்ச்சித் தாள்களையெல்லாம் புரட்டிப் பார்த்தாராம். வாசனை, புளிப்பு, பழத்தோலில் வளரும் நுண்ணுயிர் என்று பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரே சீப்பில் பக்கத்துப் பக்கத்துப் பழங்களை வைத்து யாரும் எண்ணிப் பார்த்ததாக அவர் கண்ணில் படவில்லை. "எண்ணிப் பாத்தா என்ன?" என்றார். இந்த விடுமுறையில் ஒரு சிறிய ஆய்வு செய்ய முதலாமாண்டில் ஒரு குழுவுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். பழமும் ஈயும் தினமும் வந்துகொண்டே இருக்கும் இடமாக வேண்டும். நான் கையைத் தூக்கினேன்.

திங்கட்கிழமை காலைப் பஸ்ஸில் கிளம்புகிறேன். மூன்று பெட்டி பாட்டில், இரண்டு நுண்ணோக்கி. தினமும் உனக்கு இரண்டு மணி நேரம் வேலை இருக்கிறது, எந்தப் பழம் எப்போது கனிந்தது என்று நீதான் சொல்ல வேண்டும், எங்களில் யாருக்கும் அது தெரியாது. அம்மாவிடம் சொல்லிவிடு, என்னோடு நான்கு பேர் வருகிறார்கள். சதவீதம், பக்கத்து மேசைக்காரி, அந்த மருத்துவர் மகள், "சார், கொஞ்சம் மெதுவா" பையன். அவனுக்குத் தங்க சைக்கிள் கடைக்காரர் வீட்டில் இடம் கேள்.

இன்று சாப்பிடும்போது மருத்துவர் மகள் கேட்டாள், "நாமெல்லாம் எங்கடி தங்கப் போறோம்?"

"எங்க அண்ணன் ஜூஸ் கடை இருக்குல்ல, அதுக்கு மேல" என்றேன்.

அன்னாசிப் பெட்டிகளைக் கொஞ்சம் நகர்த்தி வை.

பொடிசு